வலப் பக்கத்துப் பொட்டலம்

1934 மார்ச் 4, ஞாயிறு

இன்றும் அண்ணன் என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டான். எண்ணெய் தேய்த்துக் குளித்த தலைகூடக் காயவில்லை. இரண்டு காலித் தீப்பெட்டிகளை என் முன்னால் வைத்தான். ஒன்று வலப் பக்கம், ஒன்று இடப் பக்கம். "யோசிக்காத புள்ளே. எது தோணுதோ அதை எடு." நான் எடுக்கும் முன்பே தன் நோட்டில் ஏதோ எழுதி மூடிவிடுகிறான். எடுத்த பிறகு திறந்து பார்த்துச் சிரிக்கிறான். இப்படி நூறு தடவை. முதுகு விட்டுப்போயிற்று.

காலேஜில் அவன் மனோதத்துவம் படிக்கிறான். மனிதர்கள் ஏன் இப்படி நடக்கிறார்கள் என்று ஆராயும் படிப்பாம். அங்கே அதற்கென்றே மெஷின்கள் வைத்த ஓர் அறை இருக்கிறதாம். வீட்டில் மெஷின் இல்லை. நான் இருக்கிறேன்.

"அவளையே ஏன்டா படுத்தறே? என்னைய வெச்சுப் பாரேன்" என்று அக்கா கேட்டாள்.

"நீ ஆகமாட்டே. என்னைய ஏமாத்தோணும்னே எடுப்பே. இவதான் சூது தெரியாதவ."

அக்கா இன்று நாள் முழுக்கச் சிரித்த முகமாக இருந்தாள். மைசூர் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்வதாக மேட்ரனம்மா காகிதம் கொடுத்திருக்கிறார். அப்பாவின் கையெழுத்துதான் பாக்கி. அப்பா அதை இரண்டு முறை படித்தார். மடித்து எங்கள் குலசாமி மாதேஸ்வரன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். கையெழுத்துப் போடவில்லை.

மார்ச் 11

கொள்ளேகாலுக்கு அப்பால் இருக்கும் ஹனூரிலிருந்து மாதப்பன் மாமன் வந்திருந்தார். அம்மாவின் ஒரே தம்பி. அத்தை போன வருஷம் காய்ச்சலில் போய்விட்டாள். அக்காவைக் கேட்டு வந்திருக்கிறார். காதோரம் நரைத்துவிட்டது. சாப்பிடும்போது தலையைத் தூக்கவே இல்லை.

அம்மா அடுக்களையில் அழுதாள். "பத்தொம்பது வயசாச்சு. முறைக்காரன் வாசல்ல வந்து நிக்கறான். என்ற தம்பிக்குக் குடுக்காம ஆஸ்பத்திரில கண்டவன் புண்ணைக் கழுவ அனுப்பறதா?"

மாமன் சொன்னது இவ்வளவுதான்: "அவசரமில்லீங்க்கா. புள்ளைக்கு மனசிருந்தாப் பாக்கலாமுங்க."

அவருடைய மகள் சென்னம்மாவுக்கு நாலு வயது. என்னைப் போலவே கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. நாங்கள் இரண்டு பேரும் அங்கே நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். அக்காதான் அதை இழுத்து மடியில் வைத்து, சிக்கெடுத்துத் தலை வாரிவிட்டாள்.

மார்ச் 18

தீப்பெட்டி. நூறு.

முடிந்ததும் கேட்டேன், என்னதான் எழுதுகிறாய் என்று. நோட்டைக் காட்டினான். இங்கிலீஷ். நான் நாலாம் வகுப்போடு நின்றவள், எண்கள் மட்டும் புரிந்தன. நூற்றுக்கு எண்பத்தாறு தடவை நான் வலப் பக்கத்துப் பெட்டியை எடுத்திருக்கிறேனாம்.

"நான் தோணினதைத்தானே எடுத்தேன்?"

"தோணுச்சுங்கறே. ஏன் தோணுச்சு? அப்பா வேலை செய்யற பட்டு பாக்டரியில தறி மேல ஓட்டை போட்ட அட்டை தொங்குதில்ல? எந்த இடத்துல பூ விழோணும்னு அந்த அட்டைதான் சொல்லுது. தறிக்கு வாயிருந்தா நானே நெஞ்சேன்னு சொல்லும். மனுசனும் அப்படித்தான். அட்டை உள்ளே இருக்குது, நமக்குத் தெரியறதில்ல."

அப்படியென்றால் நான் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேட்டதற்கு விடை தெரிந்தும் வாய் திறக்காமல் நின்றது? அதுவும் அட்டையா? கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. (இதுவும்?)

மார்ச் 21

அக்கா படத்துக்குப் பின்னாலிருந்து காகிதத்தை எடுத்துப் பார்த்துவிட்டு அதே இடத்தில் வைத்தாள். நான் பார்த்ததை அவள் பார்க்கவில்லை.

மார்ச் 24

இன்று நடந்ததை எழுதவே கை கூசுகிறது.

அண்ணன் தன் கூடப் படிக்கும் சாம்புவைக் கூட்டிவந்தான். என்னைக் கூப்பிட்டான். அன்னியர் எதிரில் நான் வரமாட்டேன் என்று அவனுக்குத் தெரியும். "ஒரு பத்து தடவை, அவ்வளவுதான்" என்று கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்தான். நான் தலை குனிந்தபடியே எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் அண்ணன் முன்கூட்டியே சாம்புவின் காதில் சொன்னான். பத்தில் ஒன்பது சரியாக இருந்தது.

சாம்பு தொடையைத் தட்டிச் சிரித்தான். "அடேய் நஞ்சுண்டா! கிளி ஜோசியக்காரன் கிளி மாதிரின்னா பழக்கி வெச்சிருக்கே! நெல்லு போடறியோ?"

அண்ணனும் சிரித்தான். அதுதான். சாம்பு யாரோ. அண்ணன் ஏன் சிரித்தான்?

உள்ளே ஓடி வந்து அரிசிப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "கிளின்னா என்ன இப்போ? கூண்டைத் தொறந்து வெளிய வருதில்ல ஒரு நிமிசமாச்சும்" என்று சொல்லி என்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இனி ஒரு தடவை, ஒரே ஒரு தடவையாவது, அவன் எழுதி வைத்தது பொய்யாக வேண்டும்.

மார்ச் 25

அப்பா முடிவு சொல்லிவிட்டார். முடிவு என்று அதைச் சொல்லலாமா தெரியவில்லை.

"நான் ஒண்ணு சொன்னா இவ அழுவா, இன்னொண்ணு சொன்னா அவ அழுவா. நாளைக்குத் திங்கக்கிழமை, மாதேஸ்வரன் நாள். பூக் கேட்டுப் போடலாம்."

ஹனூர்ப் பக்கம் எங்கள் ஆட்கள் எதற்கும் இதைத்தான் செய்வார்கள். கிணறு வெட்டவும் இதுதான், பெண் கொடுக்கவும் இதுதான். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனியாக இலையில் கட்டி, சாமி முன்னால் தட்டில் வைப்பார்கள். கல்யாணமாகாத சின்னப் பெண் ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் மாமன் வீடு. சிவப்பு வந்தால் ஆஸ்பத்திரி. வீட்டில் சின்னவள் நான்தான்.

பொட்டலம் கட்ட அப்பா அண்ணனைச் சொன்னார். "அவனுக்குத்தான் இதுல நம்பிக்கையே இல்ல. ரெண்டு பக்கமும் சாயமாட்டான்." மற்ற நாளாக இருந்தால் அண்ணன் கேலி செய்திருப்பான். இன்று உடனே "சரிங்கப்பா" என்றான்.

அக்கா எனக்குப் பின்னிவிடும்போது, "செவப்பு வரோணும்னு வேண்டிக்க கண்ணு" என்றாள். வேண்டிக்கொண்டேன். கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்த எனக்குத் தமிழ் எழுத்தைக் கற்றுக்கொடுத்தவள் அவள். அவளுக்காக வேண்டாமல் யாருக்காக வேண்டுவேன்?

மார்ச் 26

வெள்ளை.

மார்ச் 27

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

அண்ணன் பித்தளைத் தட்டை என் முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். இரண்டும் ஒரே அளவு வாழையிலைப் பொட்டலம், ஒரே மாதிரி முடிச்சு. அப்பா கற்பூரம் ஏற்றினார். "எடு சாமி" என்றாள் அம்மா. வலக் கை தானாகவே வலப் பக்கத்துப் பொட்டலத்துக்குப் போயிற்று. பாதியில் அந்தச் சிரிப்பு கேட்டது. நெல்லு போடறியோ. கையை நிறுத்தினேன். இடப் பக்கத்தை எடுத்தேன்.

எடுத்துவிட்டு அண்ணனைத்தான் பார்த்தேன். அவன் முகம் வெளிறிப் போயிருந்தது. தோற்ற முகம் என்று நினைத்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஐயோ, சந்தோஷமாக இருந்தது. அந்த நேரத்தில் எனக்கு அக்கா நினைவே இல்லை.

அம்மா பிரித்தாள். வெள்ளரளி.

அக்கா சாமி படத்தைத் தொட்டுக் கும்பிட்டாள். பிறகு என் கன்னத்தைத் தடவி, "சாமி சொல்லியாச்சு. நீ ஏன் அழுவறே?" என்றாள்.

ஏப்ரல் 1

கிணற்றடியில் நான் துணி அலசிக்கொண்டிருந்தபோது அண்ணன் வந்தான். ஒரு வாரமாக என்னிடம் பேசாதவன்.

"ஏன் புள்ளே இடப் பக்கம் எடுத்தே?"

நான் புடவையை அலசிக்கொண்டே இருந்தேன்.

"செவப்பு வலப் பக்கம் இருந்துச்சு. நான்தான் வெச்சேன்."

கையிலிருந்த புடவை வழுக்கி வாளிக்குள் விழுந்தது. அக்கா ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று அவன் நினைத்திருக்கிறான். அதற்காக, நான் எப்போதும் எடுக்கும் பக்கத்தில் சிவப்பை வைத்திருக்கிறான்.

"எங்கிட்ட ஏன் சொல்லலே?"

"சொன்னா உன்ற முகமே காட்டிக் குடுத்துரும். அதுவுமில்லாம, சொல்லத் தேவையில்லேன்னு நெனச்சேன். நூத்துக்கு எண்பத்தாறு."

உன் மீது இருந்த கோபத்தில் எடுத்தேன் என்றேன். சாம்பு கிளி என்றதையும் நீ சிரித்ததையும் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டு துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டான். பிறகு அவனே எனக்குச் சமாதானம் சொன்னான். "உன் மேல தப்பில்ல. சாம்பு சொன்னான், உனக்கு ரோசம் வந்துது, ரோசம் கையை இழுத்துச்சு. சாம்புவக் கூட்டியாந்தது நான். நான் இந்தப் படிப்புக்குப் போனதுக்கு ஒரு காரணம் இருக்கும். ஒண்ணு ஒண்ணாத் தள்ளிக்கிட்டு வந்துது. இதுல யாரும் குத்தவாளி இல்ல."

யாரும் இல்லையா? அப்படியென்றால் அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன்? எண்பத்தாறு தடவை கை தானாகப் போயிற்று. ஒரே ஒரு தடவை நானாக எடுத்தேன். அதுதான் அக்காவை ஹனூருக்கு அனுப்புகிறது. அதையும் நானில்லை என்கிறான். நான் இல்லாமல் இருப்பதும் பயமாக இருக்கிறது. நான்தான் என்பதும் பயமாக இருக்கிறது.

அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்றேன். "பேடா, பிடு", வேண்டாம், விட்டுவிடு என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு எழுந்தான். தெருவில் கூட்டாளிகளிடம் பேசுவதுபோல. "சாமி தட்டுல கை வெச்சேன்னு தெரிஞ்சா அப்பா என்னைய இந்த வாசல்ல நிக்க விடமாட்டார்."

அவன் சொல்லமாட்டான். நான்?

ஏப்ரல் 12

அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகும் வேலையை இன்று நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். வழி முழுக்க ஒத்திகை பார்த்தேன். அப்பா, பூ சாமி கொடுத்ததல்ல. அப்பா, அது நான் வேண்டுமென்றே எடுத்தது. அப்பா.

பாக்டரி வாசலில் அப்பா தோளில் பட்டு இழை ஒட்டியபடி வந்தார். "நீயா கண்ணு வந்தே? வெயில்லயா?" என்று என் முகத்தைத் துடைத்துவிட்டார். "என்ன, ஏதோ சொல்லோணுமா?"

"மோர் தனியா இருக்குதுங்கப்பா" என்றேன்.

அவர் சரி என்று உள்ளே போனார். வாசல் கதவைச் சாத்தும் வரை நின்றேன். அவ்வளவுதான் நான்.

மே 24

கல்யாணம் ஆயிற்று. அண்ணன் பந்தல் பக்கமே வரவில்லை. மாமன் தாலி கட்டும்போது சென்னம்மா அக்காவின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. எல்லோரும் சிரித்தார்கள்.

மே 27

கொள்ளேகால் பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். என் பக்கம் குனிந்து, "எழுத்தை மறந்துடாத. வாரம் ஒரு காகிதம் போடு" என்றாள். தினமும் எழுதுகிறேன் அக்கா. உனக்கு அனுப்ப முடியாததைத்தான் எழுதுகிறேன்.

ஜூன் 17

என்னால் எதையும் எடுக்க முடியவில்லை.

காலையில் அம்மா, "வெங்காயச் சாம்பாரா, மொளகு ரசமா?" என்று கேட்டாள். நின்றுகொண்டே இருந்தேன். வாய் வரவில்லை. கொடியில் இரண்டு பாவாடை காய்ந்தால் அம்மா எடுத்துக் கொடுக்கும் வரை நிற்கிறேன். எதை நினைத்தாலும், இது ஏன் தோன்றுகிறது, இதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேள்வி வருகிறது. கேள்விக்குள்ளேயே கை மரத்துவிடுகிறது.

கண்ணேறு பட்டுவிட்டது என்று அம்மா உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரியும். அந்த நோட்டைப் பரண்மேல் போட்டுவிட்டான். தீப்பெட்டிகள் அடுப்பு மேடைக்குத் திரும்பிவிட்டன.

ஆகஸ்ட் 5

மேட்ரனம்மா சந்தையில் அம்மாவைப் பார்த்தாராம். அக்காவுக்கு வைத்திருந்த இடத்தை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாராம்.

செப்டம்பர் 9

அக்காவின் காகிதம். மழை நன்றாகப் பெய்ததாம், கேழ்வரகு முளைத்துவிட்டதாம், மாமன் நல்லவராம். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடைசியில், "சாமி காட்டிய இடம், குறை சொல்லக் கூடாது."

அந்த வரியை மட்டும் பத்து தடவை படித்தேன்.

அக்டோபர் 20

தசராவுக்கு அக்கா வந்திருந்தாள். நான் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? ஏன்?

யானை ஊர்வலம் பார்த்துவிட்டு வந்த மறுநாள் காலை. நானும் அவளும் மட்டும் அடுக்களையில் இருந்தோம். ஐந்து மாதத்தில் இளைத்துவிட்டாள். கை காப்புக் காய்த்திருந்தது. ஆஸ்பத்திரி வழியாகத்தான் ஊர்வலத்துக்குப் போனோம். வெள்ளைப் புடவையில் பெண்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அதை நினைத்துக்கொண்டே இருந்தேன். அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தவளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அண்ணன் தட்டை வைத்த விதம், கிளி, என் ரோசம், இடப் பக்கம். என்னைத் திட்டுவாள், அடிப்பாள், பிறகு கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். அதைத்தானே விரும்பினேன்? எனக்குப் பாரம் இறங்க வேண்டும். அதற்காகத்தானே?

அவள் கை நின்றது.

"அப்ப சாமி சொல்லலியா?"

நான் அழுதேன்.

"அஞ்சு மாசமா நான் அதைப் புடிச்சிக்கிட்டுத்தான்டி அங்க இருந்தேன். விடியக்காத்தால எந்திரிச்சுச் சாணி அள்ளும்போது, சாமி சொல்லுச்சு, சாமி சொல்லுச்சுன்னு சொல்லிக்கிட்டேதான் அள்ளினேன். அதுவும் இல்லியா?"

திட்டவில்லை. அடிக்கவில்லை. மிச்சம் இருந்த அவரையை உரித்து முடித்தாள். தோலைக் கூட்டி அள்ளினாள். அப்புறம் என் பக்கம் திரும்பவே இல்லை.

ஒரு தடவை அவளுடைய ஆஸ்பத்திரியைப் பறித்தேன். இப்போது அவளுடைய சாமியையும் பறித்துவிட்டேன். முதல் தடவை தெரியாது. இந்தத் தடவை யார் இழுத்தார்கள் என் வாயை? ஆறு மாதமாகத் திறக்காத வாய்!

அக்டோபர் 21

பஸ்ஸில் ஏறும்போது சென்னம்மா எனக்குக் கை காட்டியது. அக்கா காட்டவில்லை.

நவம்பர் 4

அண்ணனிடம் சொன்னேன். "சொல்லியிருக்க வேண்டாம்" என்றான். பிறகு, "நான் சொல்லியிருக்கோணும். உனக்கு முன்னால, அப்பாகிட்ட" என்றான். காரணம் எதுவும் அடுக்கவில்லை. இப்படி அவன் பேசி நான் கேட்டதே இல்லை.

நவம்பர் 25

மூன்று காகிதம் போட்டுவிட்டேன். பதில் இல்லை.

டிசம்பர் 11

பதில் வந்தது. என் பெயருக்கே வந்தது. அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்.

"மாதேவிக்கு. நான் மாமாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ, உனக்கு இங்கே இருக்க இஷ்டமில்லை என்றால் நானே மைசூரில் கொண்டுவந்து விடுகிறேன், யாரும் ஒரு வார்த்தை சொல்லாமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். பெட்டியைக் கட்டினேன். மூன்று நாள் அது கட்டியபடியே இருந்தது. மூன்று நாளும் சின்னது என் முந்தானையைத் தன் விரலில் சுற்றிக்கொண்டுதான் தூங்கியது. நான்காம் நாள் பெட்டியைப் பிரித்துவிட்டேன். சாமி சொல்லவில்லை. நீ எடுத்த பூவும் சொல்லவில்லை. நான் இருக்கிறேன். ஆஸ்பத்திரியை நினைத்தால் இன்னும் நெஞ்சு வலிக்கிறது. வலித்தாலும் இருக்கிறேன். இனிமேல் உன் கையால் ஆனது என்று எழுதாதே. அது உன்னுடையதல்ல, என்னுடையது. உன்னோடு பழையபடி பேச எனக்கு இன்னும் மனம் வரவில்லை. வரும்போது எழுதுகிறேன். அதுவரை நீ எழுது. எழுத்து நன்றாக இருக்கிறது. கௌரம்மா."

அண்ணனிடம் கொடுத்தேன். வாசித்தான். "இதுக்கும் ஒரு காரணம், அந்தக் கொழந்தை..." என்று ஆரம்பித்தான். நிறுத்திக்கொண்டான். காகிதத்தை மடித்த மடிப்பிலேயே மடித்து என்னிடம் கொடுத்தான்.

அவள் எடுத்துக்கொண்டுபோய்விட்டாள். எட்டு மாதமாக நான் சுமந்ததை, என்னுடையது என்று சொல்லி வாங்கிக்கொண்டுவிட்டாள். அதுதான் அவளுக்கும் எனக்கும் நடுவில் மிச்சம் இருந்தது. இப்போது ஒன்றும் இல்லை. காத்திருக்க வேண்டும்.

டிசம்பர் 14, வெள்ளி

மேட்டு வீட்டு மரத்தில் பலா பிஞ்சு விட்டிருக்கிறது. அப்பாவுக்கு இருமல். நான்தான் சோறு கொண்டுபோனேன்.

அக்காவுக்கு ஒரு பக்கம் எழுதினேன். மன்னிப்பு என்ற வார்த்தையை எழுதவில்லை. பலாவையும் இருமலையும் எழுதினேன். சென்னம்மாவுக்குக் குளிருக்கு ஒரு குல்லா பின்னுவதாக எழுதினேன்.

அம்மா மார்க்கெட்டிலிருந்து வந்து இரண்டு கையிலும் பூச்சரத்தை நீட்டினாள். சேவந்தி ஒன்று, கனகாம்பரம் ஒன்று. "எது வேணும் கண்ணு?" என்று கேட்டுவிட்டு, ஐயோ கேட்டுவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு விளக்குத் துடைக்கப் போய்விட்டேன். அம்மா அங்கேயே நின்றுகொண்டிருந்தாள் போலிருக்கிறது. அடுப்பில் பால் பொங்கி வழிந்த பிறகுதான் ஓடினாள்.

கனகாம்பரம். அது அம்மாவின் எந்தக் கையில் இருந்தது என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். நினைவில்லை.